அலர்ஜி மூக்கிற்கு மாத்திரையா, ஸ்பிரேயா?

ஜலதோஷம் என்று பொதுவாகச் சொல்லப்படும் தொல்லை இரண்டு வகைப்படும். ரைனோ வைரஸ் மூக்கின் உட்சவ்வுக்குள் நுழைந்தால், நோய் எதிர்ப்பு மண்டலம் இன்டர்ஃபெரான் என்னும் வைரஸ் தடுப்புப் புரதத்தைச் சுரந்து, வெள்ளணுக்களை வரவழைத்து, பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களுக்குள் அதை அடக்கிவிடுகிறது. ஒவ்வாமையிலோ அடக்குவதற்குக் கிருமியே இல்லை. வீட்டுத் தூசியில் வாழும் உண்ணியின் கழிவுப் புரதத்தை ஆபத்தென்று எண்ணி, ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புரதத்தை உடல் முன்கூட்டியே உருவாக்கி மாஸ்ட் செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்களின் மேல் பொருத்தி வைத்திருப்பதால், மெத்தையை உதறிய சில நிமிடங்களிலேயே அவற்றிலிருந்து ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் வேதிப்பொருள் வெளிப்பட்டு அடுக்குத் தும்மல் தொடங்கிவிடுகிறது. காய்ச்சலோ தொண்டைவலியோ இல்லாமல், கண்ணும் மூக்கும் அரித்து, வாரக்கணக்கில் நீடித்தால் பெரும்பாலும் இதுதான். கீழே ஒப்பிடும் மருந்துகள் இதற்குரியவை. வைரஸ் சளிக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை.

செட்ரிசின் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமின் சென்று சேரும் ஏற்பிகளை மறித்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தும்மலையும் அரிப்பையும் நீர் வடிவதையும் தணிக்கின்றன. பழைய குளோர்பெனிரமைன் மூளைக்குள்ளும் நுழைந்து தூக்கத்தை வரவழைக்கும். பல சளி மாத்திரைகளில் அது கலந்திருப்பதை வண்டி ஓட்டுபவர்கள் கவனிப்பதே இல்லை. ஆனால் ஹிஸ்டமின் முதல் அலை மட்டுமே. சில மணி நேரம் கழித்து இயோசினோஃபில் என்னும் வகை வெள்ளணுக்கள் வந்து குவிந்து சவ்வு வீங்கும்போது உண்டாகும் மூக்கடைப்பை மாத்திரை அவ்வளவாகத் தொடுவதில்லை.

புளூட்டிகசோன், மொமெட்டசோன் ஆகிய ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள் அந்த அழற்சியையே குறைப்பதால், தினமும் மூக்கு அடைபடுபவர்களுக்கு அவையே மேல் என்பது என் கருத்து. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதை யாரும் சொல்லாததால், பலர் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். அடிக்கும் முறையும் முக்கியம்: தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது நாசியிலும் இடது கையால் வலது நாசியிலும், நுனியைக் காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும், நடுச்சுவரில் பட்டால் அது வறண்டு இரத்தம் கசியும். ஸ்டீராய்டு என்ற பெயரே பயமுறுத்தினாலும், இவ்விரண்டும் இரத்தத்தில் கலக்கும் அளவு மிகக் குறைவு. குழந்தைகளுக்கு மட்டும் மருத்துவர் மேற்பார்வை தேவை. தொடர்ந்து சில நாள் போட்டால் அடைப்பை மேலும் கூட்டிவிடும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து வேறு, இந்த ஸ்பிரே வேறு.

எப்போதாவது தும்முபவருக்கு மாத்திரையே போதும். மாத்திரை, ஸ்பிரே இரண்டுமே ஐ.ஜி.இ. உருவாவதைத் தடுப்பதில்லை, அந்த எதிர்வினையையே மாற்ற முயல்வது, 1911இல் ஆங்கிலேய மருத்துவர் லியோனார்ட் நூன் மகரந்தச் சாற்றைக் கொண்டு தொடங்கி வைத்த ஒவ்வாமை ஊசி முறைதான், அதற்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளாவது பிடிக்கும்.