டேப்பர் லாக் புஷ்: ஐஸ் ஃபேக்டரியில போட்டு ஓட்டின அனுபவம்

பாண்டி மேட்டுப்பாளையம் எஸ்டேட்ல இருக்குற மச்சான் ஒருத்தன் "புல்லிய டேப்பர் லாக்குக்கு மாத்திடலாமா, நீ தான போட்டிருக்க, எப்படி இருக்கு"ன்னு கேட்டான். போன்ல பேசினா திட்டு தான் வரும், அதான் எழுதறேன். டேப்பர் லாக் புஷ்னா புல்லிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல சொருகற, வெளிப்பக்கம் சரிவா இருக்கற இரும்பு வளையம்.

நாங்க இருக்கறது கடலூர் முதுநகர், துறைமுகத்த ஒட்டின ஐஸ் ஃபேக்டரி. அமோனியா கம்ப்ரஸர், பெல்ட் டிரைவ், 30 கிலோவாட் மோட்டார், 55 மில்லி ஷாஃப்ட். மோட்டார் பக்கத்து புல்லியில மட்டும் 3020 புஷ் போட்டிருக்கோம் (அதிகபட்ச துளை 3 இன்ச், நீளம் 2 இன்ச், அதான் அந்த நம்பர்). கம்ப்ரஸர் ஃப்ளைவீல் பழசு, அதுல கை வைக்கல.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். இதுக்கு முன்னாடி இருந்தது நேரா ஷாஃப்ட்ல அடிச்சு ஏத்துற புல்லி. மோட்டார் ரீவைண்டிங்குக்கு போகணும்னா அத கழட்டறதே ஒரு நாள் கூத்து, உப்புக்காத்துல ஷாஃப்டும் புல்லியும் ஒட்டிக்கிட்டு புல்லர் (புல்லிய இழுத்து கழட்டுற டூல்) காலே வளையும், அப்புறம் டார்ச் வச்சு சூடு பண்ணு, அப்புறம் சம்மட்டி. திரும்ப மாட்டும்போதும் சம்மட்டி தான். அந்த அடி எங்க போகும்? ஷாஃப்ட் வழியா நேரா பேரிங்குக்கு போகும், குண்டு ரேஸ்ல பள்ளம் போட்டுடும், மோட்டார் ஓட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல உர்ருன்னு சத்தம் வரும். அப்பவும் யாரும் சம்மட்டிய சந்தேகப்பட மாட்டாங்க, பேரிங் டூப்ளிகேட்னு கடைக்காரர தான் திட்டுவாங்க.

இப்ப சம்மட்டிக்கு வேலையே இல்ல. புஷ் ஷாஃப்ட்ல கையால வழுக்கிட்டு போகும், ரெண்டு கிரப் ஸ்குரூவ (தலை இல்லாத ஸ்குரூ) மாத்தி மாத்தி டைட் பண்ணா ஆப்பு மாதிரி உள்ள இறங்கி ஷாஃப்ட்ட கவ்விக்கும். கழட்டறது தான் இன்னும் அழகு. ஒவ்வொரு ஓட்டையும் பாதி புஷ்லயும் பாதி புல்லியிலயும் இருக்கும். பூட்டுற ஓட்டையில மரை புல்லி பக்கத்து பாதியில, ஸ்குரூ முறுக்கினா புஷ்ஷ உள்ள தள்ளும். மூணாவதா ஒரு ஓட்டை இருக்கும், அதுல மரை புஷ் பக்கம், அதே ஸ்குரூவ அதுல போட்டு முறுக்கினா புஷ்ஷ வெளிய தள்ளும். டொக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோ தான், புல்லி கையோட வந்துடும். புதுசா சேந்த பையன் தனியா கழட்டிட்டு "அண்ணே வந்துடுச்சு"ன்னு புல்லிய தூக்கிட்டு வந்து நின்னான், எங்க பழைய ஃபிட்டர் மூஞ்சிய பாக்கணுமே. மோட்டார் சைஸ் மாறினாலும் புல்லிய தூக்கி போட வேணாம், மச்சானோட 132 ஃப்ரேம் (ஃப்ரேம்னா மோட்டார் சைஸ் நம்பர்) மோட்டார் ஷாஃப்ட் 38 மில்லி, நாளைக்கு 160 ஃப்ரேம் வாங்கினா 42, உள்ள புஷ்ஷ மட்டும் மாத்திக்கலாம்.

இப்ப எரிச்சலுக்கு வரேன். இவ்ளோ பெரிய ஐடியாவும் தொங்கறது அந்த ரெண்டு கிரப் ஸ்குரூல, அது இன்ச் மரை, விட்வொர்த்னு பழைய பிரிட்டிஷ் அளவு. 3020க்கு 5/8, இன்ச்சுக்கு 11 மரை. எந்த ஹார்டுவேர் கடையில கேட்டாலும் எம்16 (மில்லிமீட்டர் மரை) தான் எடுத்து நீட்டறாங்க, கண்ணுக்கு ஒன்னு போலவே இருக்கும், ஒரு சுத்து போய் பிடிச்சுக்கும். அவசரத்துல எவனாவது அத கீ போட்டு முறுக்கினா புல்லியில இருக்குற மரையும் காலி. இந்தியா முழுக்க மில்லிமீட்டர்ல ஓடிட்டிருக்கு, இது மட்டும் ஏன்யா இன்னும் வெள்ளக்காரன் காலத்துல நிக்குது?

மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், எங்க ஓவர்ஹாலே அப்ப தான். இந்த தடவ கழட்டலாம்னு பாத்தா ஆலன் கீ போடற குழியே உப்புத்துரு அடைச்சு கெடக்கு. குழிய கிரீஸ் வச்சு அடைக்கணும்னு புஷ்ஷோட வந்த பேப்பர்ல போட்டிருக்கு, அடைச்சும் தான் இருந்துச்சு, ஆனா இவ்ளோ வேகத்துல சுத்துற புல்லியில கிரீஸ் எவ்ளோ காலம் நிக்கும்? கீ வழுக்கி ஒரு ஸ்குரூ மழுங்கிடுச்சு. கடைசில பழைய ஆலன் கீய உள்ள வச்சு வெல்ட் அடிச்சு தான் வெளிய எடுத்தோம். மாத்து ஸ்குரூ சென்னையில இருந்து கூரியர்ல வரணும், இங்க போட்டுக்காரங்க ஐஸ் ரெடியா ரெடியான்னு கேட்டுட்டு நிக்கறாங்க, ஒரு கைப்பிடி இரும்புக்காக மொத்த பிளாண்டும் படுத்து கெடக்கு.

போடறவங்களுக்கு சில விஷயம். சரிவு பக்கத்துக்கும் ஷாஃப்டுக்கும் எண்ணெய் தடவாதீங்க, துடைச்சு காய்ஞ்சு இருக்கணும், மரைக்கு மட்டும் லேசா விடுங்க. 3020க்கு 90 நியூட்டன் மீட்டர் கிட்ட போதும், ஆலன் கீல பைப் சொருகி முறுக்கினா வார்ப்பு இரும்பு புல்லி விரிசல் விடும். ஷாஃப்ட் காடியில உக்கார்ற சாவிக்கு மேல கொஞ்சம் இடைவெளி இருக்கணும், இல்லன்னா புஷ் கோணலா கவ்வும். டைட் பண்ணும்போது புல்லி லேசா நகரும், அதனால ரெண்டு புல்லியும் ஒரே நேர்ல இருக்கான்னு நூல் பிடிச்சு பாக்கறத கடைசில இன்னொரு வாட்டி பண்ணுங்க.

மச்சான், என்ன கேட்டா கடற்கரை ஓரத்துக்கு இது வேணவே வேணாம். ரெண்டாவது கம்ப்ரஸருக்கும் இதே புஷ் தான்னு மொதலாளி போன வாரம் ஆர்டர் போட்டுட்டாரு. நான் ஒன்னும் சொல்லல, ஸ்குரூ மட்டும் நாலு செட் சேத்து போட சொன்னேன்.