எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ்: காதால் படிக்க வேண்டிய தொடர்

கிரெய்க் அலன்சனின் ‘எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ்’ என்ற விண்வெளிப் போர் நாவல் தொடரை முதல் பாகத்திலிருந்து வரிசையாகக் கேட்டு வந்திருக்கிறேன், பிடித்த பாகங்களைத் திரும்பவும் கேட்டிருக்கிறேன், நடுவில் சிலவற்றை ஆடியோ இல்லாமல் மின்புத்தகமாகவும் படித்துப் பார்த்தேன். என் முடிவு இதுதான்: இது காதுக்காகவே பிறந்த தொடர். படித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் படிக்கும்போது புன்னகையோடு கடந்துபோன அதே பக்கம் ஆடியோபுக்கை வாசிக்கும் ஆர்.சி. பிரேயின் குரலில் வரும்போது சிரிப்பை அடக்க முடிவதில்லை.

கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். ஜோ பிஷப், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்காரன், சாதாரண ராணுவ வீரன். விடுப்பில் ஊருக்கு வந்திருக்கும்போது, கொலம்பஸ் தினத்தன்று, வானத்திலிருந்து வேற்றுக்கிரகப் படை வந்து இறங்குகிறது. பார்ப்பதற்கு வெள்ளெலி மாதிரி இருக்கும் ருஹார்கள். ஜோ கையில் கிடைத்த ஐஸ்கிரீம் வண்டியை வைத்துக்கொண்டு எதிர்த்து நிற்கிறான். பிறகு பல்லி மாதிரியான கிறிஸ்டாங்குகள் வந்து ருஹார்களை விரட்டிவிட்டு, நாங்கள்தான் உங்களைக் காப்பாற்றினோம் என்கிறார்கள். நன்றிக்கடனாக அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா, இந்தியா ஆகிய ஐந்து நாட்டுப் படைகளும் ஐ.நா. பெயரில் ஒன்றாகச் சேர்ந்து விண்வெளிக்குக் கிளம்புகின்றன. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, நாம் சேர்ந்திருப்பது தப்பான பக்கத்தில்.

இந்தக் கதையின் பால்வீதியில் வல்லான் வகுத்ததே வாய்க்கால். உச்சியில் ரிண்டாலு, மேக்ஸோல்க்ஸ் என்று இரண்டு பழைய இனங்கள். அவை நேரடியாக மோதிக்கொள்ளத் துணிவதில்லை, கீழே இருப்பவர்களை ஏவிவிடுகின்றன. மேக்ஸோல்க்ஸுக்குக் கீழே துரானின், துரானினுக்குக் கீழே கிறிஸ்டாங், அதற்கும் கீழே நாம். தொடரின் நகைச்சுவை முழுக்க இந்தப் படிநிலையின் மேல்தான் நிற்கிறது என்பது என் எண்ணம். எந்த நிமிடமும் பூமியே இல்லாமல் போகலாம், அதைத் தடுக்க மனிதர்களிடம் உருப்படியாக ஒரு ஆயுதம்கூடக் கிடையாது, இந்த நிலையில் நின்றுகொண்டுதான் இவர்கள் கிண்டல் அடிக்கிறார்கள். அதனால்தான் இத்தனை பாகம் போயும் அந்தச் சிரிப்பு நீர்த்துப்போகவில்லை.

சரி, ஸ்கிப்பிக்கு வருவோம். எப்போதோ மறைந்துபோன எல்டர் என்ற ஆதி இனம் செய்த செயற்கை நுண்ணறிவு அவன். உருவம் பளபளவென்று ஒரு பீர் கேன். பாரடைஸ் என்ற கிரகத்தில், ஒரு கிடங்கின் அலமாரியில் கிடக்கிறான். மனிதர்களைக் குரங்குகள் என்றுதான் கூப்பிடுவான், தன் பெருமையைப் பாடி அலுக்கவே மாட்டான். ஆனால் அவனுக்குள் இருக்கும் கட்டுப்பாடுகளால் தானாக ஒரு விண்கலத்தை ஓட்டிக்கொண்டு போக முடியாது, விண்வெளிப் பயணம் கற்றுக்கொண்ட இனங்களோடு பேசவும் முடியாது. இன்னும் அந்த நிலைக்கு வராத குரங்குகள்தான் அவனுக்கு ஒரே வழி. அங்கிருந்து ஆரம்பிக்கிறது அந்த ஜோடியின் பயணம்.

கவுண்டமணி செந்திலைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த ஜோடி உடனே பிடிபடும். எல்லாம் தெரிந்தவர் எகிறிக்கொண்டே இருப்பார், ஒன்றும் தெரியாதவர் அப்பாவியாக ஒரு கேள்வி கேட்டுக் கவிழ்த்துவிடுவார். ஸ்கிப்பிக்கு இயற்பியலின் அடி ஆழம்வரை தெரியும். ஜோவுக்குத் தெரிந்தது ஃபிளஃபர்நட்டர் என்ற வேர்க்கடலை வெண்ணெய், மார்ஷ்மெல்லோ சாண்ட்விச். ஆனால் ஒவ்வொரு பெரிய சிக்கலிலும் ஸ்கிப்பி ‘இது முடியவே முடியாது’ என்று கையை விரித்த பிறகு, ஜோ தூக்கம் கெட்டு விண்கப்பலுக்குள் அலைந்து, கண்ணில் படும் ஏதோ ஒரு சாதாரணப் பொருளைப் பார்த்து ஒரு யோசனையோடு வந்து நிற்பான்.

பிரேயின் திறமை பளிச்சென்று தெரிவது அந்த இடத்தில்தான். ஜோ யோசனையைச் சொல்லி முடிக்கிறான். ஸ்கிப்பியிடமிருந்து சத்தமே இல்லை. ஸ்கிப்பியின் சிந்தனை வேகத்துக்கு நம்முடைய ஒரு நொடி ஒரு யுகம், அப்படிப்பட்டவன் சில நொடிகள் வாயடைத்து நிற்கிறான் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும், அந்த மௌனத்தைப் பிரே சரியாக எவ்வளவு நீட்ட வேண்டுமோ அவ்வளவு நீட்டுவார், அப்புறம் வெடிக்கும் பாருங்கள் ஒரு குமுறல், ஒரு குரங்குக்கு இது எப்படித் தோன்றியது, எனக்கு ஏன் தோன்றவில்லை என்று. அச்சில் அந்த மௌனம் ஒரு வரி. காதில் அதுதான் காட்சியே.

அதனால் வேகத்தைக் கூட்டிக் கேட்காதீர்கள். முதல் பாகமே 16 மணி நேரத்துக்கு மேல் ஓடும், தொடரும் நீளம், ஒன்றரை மடங்கில் ஓட்டத் தோன்றுவது இயல்புதான். போர்க்காட்சிகள் அதைத் தாங்கும், இந்த இருவரின் பேச்சு தாங்காது. ஜோவின் குரல் பிரேயின் சொந்தக் கரகரப்பிலேயே, ஒரு சிப்பாய் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வது மாதிரி நிதானமாக வரும், ஸ்கிப்பி அதன் குறுக்கே மெல்லிசாக, அவசரமாகப் பாய்வான். ஒரே மனிதர் இரண்டையும் பேசுகிறார் என்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துபோகும். ஆடியோபுக்குகளுக்கான 2018 ஆடி விருதுகளில் முதல் பாகமான ‘கொலம்பஸ் டே’ ஆண்டின் சிறந்த ஆடியோபுக்குக்கான இறுதிப் பட்டியல்வரை வந்ததற்கு இந்த வாசிப்பே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

குறையும் உண்டு. சொன்னதையே திரும்பச் சொல்வார் அலன்சன். ஒவ்வொரு பாகத்திலும் முன்கதை வரும், ஒரே வகை வசைகள் வரும், சிக்கல், தவிப்பு, யோசனை, அது பாதியில் சொதப்புவது என்ற அதே சுற்று வரும். மின்புத்தகத்தில் இது என்னை உண்மையிலேயே சோர்வடைய வைத்தது, பக்கங்களைத் தாவினேன். ஆடியோவில் அதே திரும்பச் சொல்லல் பழகிய பாட்டின் பல்லவி போல ஓடிவிடுகிறது, வேலை செய்துகொண்டே கேட்பவருக்கு விட்ட இடத்தைப் பிடிக்கவும் உதவுகிறது. ஆனால் பாகங்களை இடைவெளியில்லாமல் அடுத்தடுத்துக் கேட்டால் ஆடியோவிலும் அலுக்கும். ஒரு பாகம் முடிந்ததும் வேறு எதையாவது கேட்டுவிட்டு வாருங்கள்.

ராணுவ அதிகாரி எமிலி பெர்க்கின்ஸின் குழு வரும் பகுதிகளைப் பலர் விரும்புவதில்லை. ஸ்கிப்பி பக்கத்தில் இல்லை, ஜோவின் குரல் இல்லை, கதை படர்க்கையில் நகர்கிறது. எனக்கு அவை வேண்டியிருக்கின்றன. ‘பாரடைஸ்’, ‘மேவரிக்ஸ்’ ஆகிய பாகங்கள் இரண்டிலும் அந்தக் குழு வேற்றினத்தாரோடு சேர்ந்து வாழப் பழகி, தன் இடத்தைத் தானே சம்பாதிக்கிறது. ராணுவக் கதை என்ற முறையில் தொடரின் உறுதியான பக்கங்கள் அங்கேதான் இருக்கின்றன.

ஜோ பக்கத்திலும் அவனுடைய ‘ஃபிளையிங் டச்மேன்’ விண்கப்பலின் ஆட்கள் வெறும் துணைப் பாத்திரங்களாக நின்றுவிடுவதில்லை. மார்கரெட் ஆடம்ஸ், சீனப் படையின் சாங், இந்திய விமானி தேசாய் மூவரும் முதல் பாகத்திலிருந்தே கூடவே வருகிறார்கள். தேசாய் பேசுவது குறைவு, ஆனால் நெருக்கடியில் கப்பல் யார் கையில் இருக்கிறது என்று தெரியும்போது ஒரு நிம்மதி வரும்.

7-ஆவது பாகத்துக்கும் 8-ஆவது பாகத்துக்கும் நடுவில் 7.5 என்ற எண்ணோடு ‘ஹோம்ஃபிரண்ட்’ இருக்கிறது. 2019-இல் வந்தது. இது ஒருவர் வாசிக்கும் புத்தகம் இல்லை, பல நடிகர்கள் சேர்ந்து நடித்த ஆடியோ நாடகம். பிரேயோடு சக்கரி குவின்டோ, கேட் மல்க்ரூ, ராபர்ட் பிக்கார்டோ எல்லாம் இருக்கிறார்கள், மூன்று பேருமே ஸ்டார் ட்ரெக்கில் நடித்தவர்கள் என்பதால் விண்வெளிக் கதை ரசிகர்களுக்கு அதுவே ஒரு தனி மகிழ்ச்சி. வெடிச்சத்தமும் இசையுமாக விறுவிறுப்பாக ஓடுகிறது. இருந்தாலும் எனக்கு ஏதோ குறைந்தது, பல தடவை யோசித்துப் பார்த்தால் அது ஜோவின் மனக்குரல்தான். அவன் தனக்குத்தானே புலம்பிக்கொள்வதும் அதை நமக்கு ஒப்புவிப்பதும்தான் நம்மைக் கதைக்குள் உட்கார வைக்கிறது, நாடகத்தில் எல்லோரும் வெளியே பேசிவிடுவதால் அது பின்னுக்குப் போய்விடுகிறது. இருந்தாலும் தாண்டிப் போகாதீர்கள், வரிசையில் அதன் இடத்திலேயே கேளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஸ்கிப்பி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ‘கொலம்பஸ் டே’ வெகுதூரம் நேரான போர்க்கதையாகத்தான் போகும், நகைச்சுவை என்று சொன்னார்களே எங்கே என்று தேடி நடுவில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பகுதியைப் பின்னணியில் ஓட விடாமல் கவனமாகக் கேளுங்கள். குடிமக்களைக் கொல்லச் சொல்லும் கட்டளைக்கு முன்னால் ஜோ என்ன செய்கிறான் என்பது அங்கேதான் வருகிறது, பின்னால் அவன் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் அது இருக்கிறது.

15-ஆவது பாகமான ‘ஃபெயிலியர் மோட்’ பெரிய முடிச்சை அவிழ்த்துவிடுகிறது, அதோடு நிறுத்திக்கொண்டாலும் கதை முடிந்த நிறைவு கிடைக்கும். நான் நிறுத்தவில்லை. அடுத்த பாகமான ‘ஆஃப்டர்மாத்’தும் கேட்டாயிற்று, பிரே வாசிக்கும்வரை அடுத்தடுத்ததையும் கேட்பேன்.