அச்சான ஆண்டைப் பார்த்து எடுங்கள்: பெண்களும் போராட்டமும் பற்றிய புத்தகங்கள், யாழ்ப்பாணத்தில்

பெண்களும் போராட்டமும் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று யாழ்ப்பாணத்துப் புத்தகக்கடையில் கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது 2009இல் போர் முடிந்த பிறகு எழுதப்பட்ட தன்வரலாறுகள்தான். சென்னையில் அச்சாகி வருபவை, அட்டை நன்றாக இருக்கும், விற்பனையும் உண்டு. அதில் தொடங்கினால் வாசிப்பு கோணிவிடும். எல்லாம் முடிந்தபின் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு அதற்கு முந்தைய முப்பது வருடத்தையும் அளக்கப் பார்ப்போம். இந்த வகைப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் பார்க்கவேண்டியது முதற்பதிப்பு ஆண்டு. 1986இல் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது 1991இல் முடியவில்லை. 1991இல் விழுங்கியதைப் பலர் 2009க்குப் பிறகுதான் எழுதினார்கள். அதனால் இங்கே அச்சான வரிசையிலேயே போகலாம்.

முதலாவது ‘சொல்லாத சேதிகள்’. யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பு, சித்திரலேகா மௌனகுருவின் முன்னுரையோடு. அ. சங்கரி, சிவரமணி, ஊர்வசி, ஔவை, மைத்ரேயி, மசூறா ஏ. மஜீட் உட்படப் பத்துப் பேர். மெல்லிய புத்தகம், ஒரு பின்னேரத்தில் வாசித்து முடிக்கலாம். ஆனாலும் இந்த அலமாரியில் உள்ள தடித்த புத்தகங்கள் பலவற்றைவிட இதில் விஷயம் அதிகம். காரணம், ஆயுத இயக்கங்கள் பெருகி நின்ற காலத்தில் எழுதப்பட்டும் இதில் பாதிக்கு மேல் வீட்டுக்குள்ளே நடக்கிறது. சங்கரியின் ‘அவர்கள் பார்வையில்’ ஆண்கள் பெண்ணை உறுப்பு உறுப்பாகப் பார்ப்பதைச் சொல்லிவிட்டு, அவளுக்கு மிஞ்சும் வேலைகள் என்ன என்பதையும் பட்டியல் போட்டதுபோலச் சொல்கிறது. அதில் துவக்கும் இல்லை, சென்றியும் (காவலரணும்) இல்லை. அதே தொகுப்பில் போருக்குப் போனவனைக் காத்திருக்கும் கவிதையும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும்போதுதான் 1986இல் இந்தப் பெண்கள் எதை எதிர்பார்த்திருந்தார்கள் என்று பிடிபடும்: நாட்டுக்கு வரும் விடுதலை வீட்டுக்கும் வரும் என்று. முன்னுரையைக் கடைசியில் வாசியுங்கள். நல்ல முன்னுரைதான், ஆனால் முதலில் வாசித்தால் கவிதைகள் அதற்கு உதாரணமாகச் சுருங்கிவிடுகின்றன.

கடையில் இது எளிதில் கிடைக்காது. 1981இல் பொதுநூலகம் எரிந்தது; 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்நகரை உள்ளடக்கிய வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது வீட்டு அலமாரிகளும் போயின. இடையில் அச்சுத்தாளுக்கே தட்டுப்பாடு. அந்தக் காலத்துப் பதிப்புகள் தப்பியதே பெரிய காரியம். வழி ‘நூலகம்’ எண்ணிம நூலகம்தான். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வருடி (ஸ்கேன் செய்து) இலவசமாக வைக்கிறார்கள். சேவை அருமை, தேடல்தான் சிலவேளை காலை வாரும். ‘ஔவை’ என்று தேடி ஒன்றும் வராவிட்டால் ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்துத் தட்டிப் பாருங்கள், பழைய பதிவுகள் பலவற்றில் ஔகாரம் அப்படித்தான் தட்டச்சாகியிருக்கிறது. ‘மௌனகுரு’வுக்கும் இதே பிரச்சினை. எனவே ஆளின் பெயரை விட்டுவிட்டு நூலின் பெயரில் தேடுங்கள், அதிலும் ஒரே சொல் போதும்.

கோப்பை இறக்கிய பின் கைபேசியில் வாசிப்பதைவிட ஒரு பிரதி எடுத்துக்கொள்வது நல்லது. பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள போட்டோக் கொப்பிக் கடைகளில் ஒரு ஏ4 தாளில் இரண்டு பக்கம் வருமாறு கிடையாக எடுக்கச் சொல்லலாம். எடுக்குமுன் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பார்க்கவேண்டும். மஞ்சளான தாளை வருடிய கோப்பு சாம்பல் நிறமாக இருக்கும்; அதைப் போக்கக் கடைக்காரர் வெளிச்சத்தைக் கூட்டுவார்; கூட்டினால் மெய்யெழுத்துப் புள்ளிகள் காணாமல் போகும். உரைநடையில் சமாளிக்கலாம். கவிதையில் ஒரு புள்ளி போனால் வரியே வேறாகிவிடும். சுருள் கட்டுப் போடுவதாக இருந்தால் இடப்பக்கம் இடம் விடச் சொல்ல மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் துளை தின்றுவிடும்.

அடுத்தது ‘முறிந்த பனை’. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 1990இல் வந்தது. தமிழ்ப் பெயர்ப்பு பிறகு வந்தது. நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம, உடற்கூற்றியல் துறைத் தலைவர், புத்தகம் வெளிவருமுன்பே, 1989 செப்டெம்பர் 21இல், பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். புத்தகம் முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்கத் தேவையில்லை. பெண்களின் அனுபவம் பற்றி ராஜினி எழுதிய அத்தியாயத்தை முதலில் தனியாக எடுங்கள். 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு நடந்தது அதில் சம்பவம் சம்பவமாக இருக்கிறது: பாலியல் வன்முறை, அதைச் சொல்ல வாய் திறந்தவர்கள், திறக்காதவர்கள், பிள்ளையைத் தேடி முகாம் வாசலில் நின்ற தாய்மார். சாட்சியத்தைப் பதிவு செய்ததோடு அவர் நிற்கவில்லை. ஆயுதம் எடுத்த பெண்களை இயக்கங்கள் எப்படிப் பார்த்தன, தாய்மாரின் கோபம் ஏன் நிலைத்த அமைப்பாக மாறவில்லை என்றும் கேட்கிறார். 1984இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அன்னையர் முன்னணி கைதான இளைஞர்களுக்காகத் தெருவில் இறங்கிய வரலாற்றைத் தெரிந்துகொண்டு வாசித்தால் அந்தக் கேள்வியின் கனம் புரியும். ஒரு வைத்தியரின் எழுத்து இது, சுற்றிவளைப்பு இல்லை. தமிழ்ப் பெயர்ப்பில் சில வாக்கியங்கள் நீண்டு மூச்சு வாங்குகின்றன. ஆங்கிலம் வாசிக்க முடிந்தவர்கள் மூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சிவரமணியின் கவிதைகள் 1993இல் தனி நூலாக வந்தன. அதிலிருப்பவை எஞ்சியவை மட்டும். 1991 மே 19இல் உயிரை மாய்த்துக்கொள்ளுமுன் கையிலிருந்த எழுத்துகளை அவர் எரித்துவிட்டார். ‘யுத்தகால இரவொன்றின் நெருக்குதல்’ கட்டாயம் வாசிக்கவேண்டியது. தும்பியின் இறக்கையைப் பிய்ப்பதும், தடியைத் துவக்காக்கிக் கூட்டாளியைச் சுடுவதும் பிள்ளைகளின் விளையாட்டாகிப்போனதை அவர் பார்த்து எழுதுகிறார். எந்தத் தலைவரின் பெயரும் இல்லாமல், எந்தத் தரப்பையும் சுட்டாமல், ஒரு சமூகம் முழுவதும் கேள்வி கேட்கப் பயந்த காலம் அதில் இறங்கியிருக்கிறது. 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்ற கவிஞர் செல்வி திரும்பி வரவேயில்லை. இருவரின் கவிதைகளையும் சேர்த்து வாசிப்பதே முறை. 1991இல் ஆனையிறவுச் சண்டையில் இறந்த புலிகளின் கப்டன் வானதியின் கவிதைகளையும் பக்கத்தில் வையுங்கள். ஒரே ஆண்டு, ஒரே தலைமுறை. ஒருவர் அமைப்புக்குள் நின்று நம்பிக்கையோடு எழுதுகிறார், மற்ற இருவர் வெளியே மூச்சுமுட்டி எழுதுகிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு அந்தக் காலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

புலிகளின் தத்துவ ஆசிரியர் அன்ரன் பாலசிங்கத்தின் மனைவி அடேல் பாலசிங்கம் 1994இல் ஆங்கிலத்தில் எழுதிய யாழ்ப்பாணச் சீதன முறை பற்றிய ஆய்வு அதிகம் பேசப்படாதது. பெண் போராளிகள் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள். அது இயக்கத்தின் குரலில் எழுதியது, அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டும். சீதனப் புத்தகம் பயன் கூடியது. போராட்டத்தின் உச்சத்திலும் வீடு, காணி, நகை, மாப்பிள்ளை வீட்டாருக்கு ‘டொனேசன்’ (ரொக்கம்) என்ற கணக்கு ஏன் அசையவில்லை என்பதுதான் பொருள். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையையும், அதன்மேல் வந்த 1911ஆம் ஆண்டின் திருமண உரிமை, முதுசக் கட்டளைச்சட்டத்தையும் தெரியாமல் இதை வாசித்தால் பாதிதான் விளங்கும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரில் உள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதனமாக வந்த, உறுதிப் பத்திரத்தில் அவள் பெயரே உள்ள காணிக்கும் இதுதான் கதை. களத்தில் அணி நடத்திய ஒருத்தி மணமாகி ஊருக்கு வந்து, காணி விற்க நொத்தாரிசு முன் இருந்தால் அவள் கையெழுத்து மட்டும் போதாது. புரட்சி எங்கே போய் முட்டியது என்பதைப் பல நினைவுக்குறிப்புகளைவிட இந்த ஒரு சட்டம் தெளிவாகக் காட்டும்.

இனி 2009க்குப் பிந்தியவை. கடையில் கேட்கும்போது ஒரு குழப்பம் வரும்: ‘தமிழினி’ என்பது புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்தவரின் இயக்கப் பெயர்; சென்னைப் பதிப்பகம் ஒன்றின் பெயரும் அதுவே. அந்தப் பதிப்பகம் 2013இல் வெளியிட்ட ‘ஊழிக்கால’த்தை எழுதியவர் தமிழ்க்கவி. பதிப்பகத்தின் பெயரை விட்டு நூலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

‘ஊழிக்காலம்’ நாவல். இறுதிப் போரில் வன்னி மக்கள் இடம் இடமாக நகர்ந்து முள்ளிவாய்க்காலுக்குத் தள்ளப்பட்டதைக் குடும்பத்தைச் சுமக்கும் ஒரு பெண்ணோடு சேர்ந்து நடக்கிறது. தறப்பாள், பங்கர், கஞ்சி, அடுத்த இடப்பெயர்வு என்று திரும்பத் திரும்ப வரும். இலக்கியமாகப் பார்த்தால் நடுவில் ஒரேமாதிரி ஓடுகிறது என்று குறை சொல்லலாம். அந்த மாதங்களும் அப்படித்தான் ஓடின. போருக்குள் சமையல் எப்படி நடந்தது என்று தெரியவேண்டுமானால் இதற்கு மேல் ஒன்று இல்லை.

தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ காலச்சுவடு 2016இல் வெளியிட்டது. ஆசிரியர் 2015 ஒக்டோபரில் புற்றுநோயால் இறந்துவிட்டார். 1991இல் இயக்கத்தில் சேர்ந்தது முதல் சிறையும் புனர்வாழ்வும் வரை போகிறது. சரளமான நடை, தலைமை மீதும் தன்மீதும் விமர்சனம். வெளிவந்தபோதே எவ்வளவு அவர் எழுதியது என்று சர்ச்சை எழுந்தது. ஆசிரியர் உயிரோடு இல்லாததால் அது தீரப்போவதில்லை. அதைவிட்டு வாசிக்கவேண்டிய இடம், பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி ஏன் போனாள் என்று சொல்லும் முதற் பகுதிகள். பெரும்பாலானோர் கடைசிப் பகுதிக்குத் தாவி ஒப்புதல் வாக்குமூலம் தேடுகிறார்கள். வெற்றிச்செல்வியின் ‘ஆறிப்போன காயங்களின் வலி’யைக் கூட எடுத்தால், பொறுப்பாளர் நிலையில் இல்லாத ஒரு போராளிக்குத் தடுப்பு முகாம் எப்படி இருந்தது என்பதும் தெரியும்.

வாசிப்பு வட்டத்துக்கு எடுப்பதானால் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். ஒரு சந்திப்புக்கு இரண்டு கவிதை அல்லது ஓர் அத்தியாயம். கவிதையை இரண்டு பேர் ஒருவர்பின் ஒருவராகச் சத்தமாக வாசிக்கட்டும். ராஜினியின் அத்தியாயத்தை இரண்டு சந்திப்பாகப் பிரியுங்கள், ஒரே நாளில் தாங்காது. வழக்கமாகக் கெடுவது எங்கே என்றால், அரைமணி நேரத்துக்குள் யாராவது எந்த இயக்கம் சரி, எது பிழை என்று தொடங்கிவிடுவார், பெண்கள் பேச்சிலிருந்தே மறைந்துபோவார்கள். முன்கூட்டியே மூன்று கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம்: அந்த வருடம் யார் சமைத்தார்கள், சென்றியைக் கடந்து யார் போய்வந்தார்கள், காணி உறுதியில் யார் கையெழுத்து?

இதற்கெல்லாம் முன்கதை வேண்டுமானால் மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’, 1914. பிரசங்கம் கூடுதல், பொறுமை வேண்டும். ஆனாலும் யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் மனைவி படும் பாட்டை ஒரு பெண்ணே எழுதி அச்சேற்றி நூறு வருடத்துக்கு மேலாகிறது.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் ‘ஊழிக்காலம்’ வாங்குங்கள். ‘சொல்லாத சேதிகள்’ எப்படியும் இலவசமாகக் கிடைக்கும். இந்தியப் பதிப்புகளின் விலை அட்டையில் இந்திய ரூபாயில் இருக்கும், அதை எத்தனையால் பெருக்குகிறார்கள் என்பது கடைக்குக் கடை மாறும், கேட்டுவிட்டு எடுங்கள். யாழ்ப்பாண அலமாரியில் பெரிய ஓட்டை ஒன்றும் உண்டு: 1990 ஒக்டோபரில் இங்கிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பெண்களின் கதை. சுல்பிகா, அனார், பஹீமா ஜஹான் போன்ற முஸ்லிம் பெண் கவிஞர்களின் நூல்களையும் பெயர் சொல்லிக் கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். அ. மங்கை தொகுத்த ‘பெயல் மணக்கும் பொழுது’ 2007இல் ஈழத்துப் பெண் கவிஞர்களை ஒரே கட்டில் கொண்டுவந்தது. பழைய இருப்பில் ஒரு பிரதி கண்ணில் பட்டால் விலை பேசிக்கொண்டு நிற்கவேண்டாம்.