2.4-ஆ, 5-ஆ? லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை மந்தமானால்

சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கம் வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருக்களில் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எப்போதும் நெரிசல்தான். அதற்குள் இருக்கும் சேனல்களில் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என மூன்றே. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அவற்றைத்தான் பங்குபோடும். போதாததற்கு ப்ளூடூத் இயர்போனும் அதே அலைவரிசை. ஆனால் சுவர் தாண்டுவதில் இதுதான் கெட்டி.

5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் ஏராளம், வேகமும் அதிகம். இரண்டு செங்கல் சுவர் குறுக்கிட்டால் துவண்டுவிடும். லினக்ஸின் 'ஐடபிள்யூ' (iw) கட்டளையில் 5-இன் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம்மோ (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) அதைவிட நல்லதோ என்றால் 5-ஐயே பிடியுங்கள். மைனஸ் 75-க்குக் கீழே போனால் 2.4-க்கு மாறுங்கள், ரவுட்டரில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். 40 வைத்தால் பக்கத்துச் சேனல்களோடும் மோதும்.

ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை லேப்டாப்பில் தெரியவே இல்லையா? ரவுட்டரைத் திட்டாதீர்கள். லினக்ஸில் வைஃபைக்கான நாட்டுக் குறியீடு (எந்த நாட்டு அலைவரிசை விதி என்று சொல்வது) '00' என்றிருந்தால் சில சேனல்கள் முடங்கும். இந்தியாவுக்கான 'ஐஎன்' (IN) கொடுங்கள். லேப்டாப்பின் வைஃபை கார்டே 2.4 மட்டும் பிடிக்கும் பழைய ரகம் என்றால் இந்த வைத்தியம் பலிக்காது.

எதில் இருந்தாலும் வேகம் விட்டுவிட்டு வந்தால், லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் வைஃபை பவர்சேவ் (மின்சேமிப்பு) மதிப்பை 2 ஆக்கி, அதாவது அந்த மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.