நாயனத்தோட நாலு வருசமா சண்டை போடுற என் காது மெஷின்

காது மெஷினுக்கு ரிசீவர் (காதுக்குள்ள சத்தம் குடுக்குற குட்டி ஸ்பீக்கர்) மாத்தி நேத்துதான் கும்பகோணத்துலேர்ந்து வாங்கிட்டு வந்தேன், உடனே மச்சான் வாட்ஸப்ல "அம்மாவுக்கும் இதே மாடல் வாங்கலாமா"ன்னு கேட்டான், அவனுக்கு டைப் பண்ண ஆரம்பிச்சது நீண்டு போச்சு, அதான் இங்கயே போடுறேன்.

பேச்சுக்குக் குறை சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாண்டு இரைச்சல்ல கூட கண்டக்டர் கேக்குறது புரியுது. ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவுல போட்டு வச்சா ஐப்பசி மழைக்கும் தாங்குது.

நாயனம்தான் பிரச்சனை. சாமி புறப்பாட்டுல மல்லாரி வரைக்கும் எப்படியோ சமாளிச்சுடும், அப்புறம் தோடி ஆலாபனையில வித்வான் மேல் ஷட்ஜத்துல நின்னு கார்வை புடிச்சார்னா போச்சு, நீளமா ஒரே ஸ்வரம் வந்தா இது தானே விசிலடிக்குதுன்னு நெனச்சு அமுக்கப் பாக்குது, ஸ்வரம் குடிகாரன் மாதிரி தள்ளாடுது. தம்புராவைக் கேட்டா ஃபேன் சத்தம்னு முடிவு பண்ணி கொறச்சிடுது. மூணு வருசமா எங்க ஊர் வித்வானுக்கு மூச்சு போயிடுச்சுன்னே நெனச்சிட்டு இருந்தேன், பாவம் அந்த மனுசன்.

போன வருசம், மெஷினை செட் பண்ணிக் குடுக்குற ஆடியாலஜிஸ்ட்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். "மியூசிக்குன்னு தனி புரோகிராம் போட்டு விசில் அடக்குறதையும் இரைச்சல் கொறைக்கறதையும் ஆஃப் பண்ணலாமே சார்"ங்கறாங்க கூலா. இதை மொத நாளே சொல்றதுக்கென்ன?

அந்த மியூசிக் புரோகிராமைப் போட்டுக்கிட்டு தை மாசம் திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் போனேன். நாட்டைல ஆரம்பிச்சு ஸ்ரீ ராகம் வரைக்கும் அஞ்சு கீர்த்தனையும், அத்தனை பேர் சேர்ந்து பாடுறது, முழுசா காதுல வந்துச்சு, வராளியில கண்ணு கலங்கிடுச்சு. பக்கத்து மாமியோட சால்வை காதுல பட்டதும் கீய்ய்ய்னு ஒரு விசில், அவங்க பைக்குள்ள செல்போனைத் தேடுறாங்க. காது அளவுக்கு அச்சு எடுத்து புது மோல்டு செஞ்சா சரியாயிடுமாம், அதுக்குத் தனி காசு.

இன்னொரு வயித்தெரிச்சல், மெஷினுக்குள்ள இருக்குற டெலிகாயில்ங்கற குட்டிக் கம்பிச்சுருள். ஹாலைச் சுத்தி லூப் வயர் ஓட்டினா மைக்ல பாடுறதை இது புடிச்சு நேரா காதுக்குள்ள குடுக்கும், அதுக்கும் சேத்துதான் காசு குடுத்தேன். நான் போன ஒரு சபாவுலயும் கல்யாண மண்டபத்துலயும் லூப் கெடையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 29-ஆம் பிரிவுல கலையை நமக்கு எட்டுற மாதிரி பண்ணணும்னு எழுதியிருக்கு, சபா செயலாளர்கிட்ட சொன்னா "முன் வரிசையில உக்காருங்க"ங்கறார், முன் வரிசையில ஸ்பீக்கர் அடிக்கிற அடியில எல்லாமே கரகரன்னுதான் கேக்குது.

மச்சான், அத்தைக்கு சீரியல் கேட்டா போதும்னா வாங்கிக் குடு. நாயனம் கேக்குறவங்க யாரும் இதை வாங்காதீங்க. எனக்கு வலது காதுக்கும் இதையேதான் ஆர்டர் பண்ணிருக்கேன், ஏன்னு கேக்காதீங்க.