மொட்டை மாடியில் ஆறு வருடம்: கரி கிரில்லும் கேஸ் கிரில்லும்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் கரி கிரில் வந்து ஆறு வருடம் ஆகிறது. கேஸ் கிரில் வந்து இரண்டரை வருடம். மழை மாதங்கள் போக, மாதம் மூன்று முறையாவது இரண்டில் ஒன்றை மூட்டுகிறேன். வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கரி கிரில் உருண்டை வடிவம், மேலே மூடி, அடியிலும் மூடியிலும் காற்றுத் துளைகள். 1952-இல் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், கடல் மிதவை செய்யும் பட்டறையில் ஓர் உலோகக் கோளத்தை இரண்டாகப் பிரித்துச் செய்த வடிவம் இது. அதைப் பார்த்துப் பலரும் செய்கிறார்கள். என்னுடையதும் அப்படி ஒன்றுதான். திறந்த அடுப்பில் காற்று வீசினால் தீ எகிறும், நின்றால் படுத்துவிடும். இதில் துளையைப் பாதி மூடினால் சூடு இறங்கும், திறந்தால் ஏறும். மூடி இல்லாத கிரில்லை வாங்கவே வேண்டாம் என்பேன்.

முதல் வருடம் சூப்பர்மார்க்கெட்டில் அட்டைப்பெட்டியில் வரும் கரி வாங்கினேன். பாதி தூளாக இருந்தது. அப்புறம் இஸ்திரி போடுபவர்கள் வாங்கும் கரிக்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். ஒரு ஜோடி ‘கணீர்’ என்றது, இன்னொன்று ‘டொப்’ என்றது. “டொப்புங்கிறது வேகாத கரி தம்பி, கண்ணு எரியும்” என்றார். அன்றிலிருந்து தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் சுடும் சீமைக்கருவேலங்கரி நன்றாக நின்று எரிகிறது. டெக்சாஸில் கிரில் செய்பவர்கள் கொண்டாடும் மெஸ்கீட் மரம் இதற்கு நெருங்கிய சொந்தம். தொட்டாங்குச்சிக் கரி அதிகச் சூடு தரும், ஆனால் சீக்கிரம் சாம்பலாகிவிடும். இரண்டையும் கலந்து ஒன்றரைக் கிலோ போட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கவலை இல்லை.

மூட்டுவதற்கு மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். ஒரே ஒரு முறை செய்தேன். அன்றைக்குப் போட்ட கோழி முழுக்க அந்த வாடை. ஒரு கிலோ கறி வீணானதுகூடப் பரவாயில்லை, வந்திருந்த விருந்தாளிகளை வெறும் ரசத்தோடு அனுப்ப வேண்டியதாயிற்று. இப்போது இரண்டு பக்கமும் திறந்த, நடுவில் கம்பித் தட்டு வைத்த தகரக் குழாய் ஒன்று வைத்திருக்கிறேன். கீழே இரண்டு தாள் செய்தித்தாள், மேலே கரி. இருபது நிமிடத்தில் கங்கு தயார். கங்கின் மேல் வெள்ளையாக நீறு பூக்கும்வரை எதையும் வைக்கக் கூடாது. கறுப்பு தெரிகிற கரியில் வைத்தால் கரும்புகைதான் கறியில் ஏறும்.

இந்த ஆறு வருடத்தில் நான் கற்றதில் பெரியது உப்பு விஷயம். ஆரம்பத்தில் பத்து வகை மசாலாவைக் கெட்டியாக அப்பி இரவெல்லாம் ஊறவைப்பேன். வெளியே காரம், உள்ளே சப்பென்று இருக்கும். மசாலா எவ்வளவு நேரம் ஊறினாலும் மேலாக ஒரு சில மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆழமாக இறங்குவது உப்பு. இப்போது எலும்போடு ஒரு கிலோ கோழிக்கு 12 கிராம், அதாவது தட்டையாக இரண்டு டீஸ்பூன் பொடி உப்பை மட்டும் முந்தின இரவே தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். முதல் அரை மணி நேரம் கறி தண்ணீர் விடும். பயப்பட வேண்டாம், அந்த உப்புத் தண்ணீரைக் கறியே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். காலையில் பார்த்தால் தோல் உலர்ந்து காகிதம் போல இருக்கும். மொறுமொறுப்பு அங்கிருந்துதான் வருகிறது.

மசாலாவைச் சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் மெல்லிசாகப் பூசினால் போதும். மிளகாய்த்தூளை அப்படியே போட்டால் கங்கில் கருகிக் கசக்கும். காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்த்து அரைத்துப் பூசுகிறேன். தேன், வெல்லம் எதுவானாலும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான். மீனுக்கு எலுமிச்சை பிழிந்து ஒரு மணி நேரம் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுப்புக்குப் போகும் முன்பே சதை வெளுத்து வெந்தது போல ஆகிவிடும். சீலா மீனுக்கு உப்பும் மிளகும் மட்டும் போட்டு, எலுமிச்சையை இலையில் பிழியுங்கள்.

கங்கு முழுவதையும் ஒரு பக்கம் குவித்து, மறுபக்கத்தைக் காலியாக விடுவது அடுத்த பாடம். கோழித்தொடையைக் காலிப் பக்கம் வைத்து மூடியைப் போட்டுவிட்டால் முக்கால் மணி நேரத்தில் பதமாக வேகும். கடைசியில் கங்குக்கு மேலே நகர்த்தினால், தோலிலிருந்து கொழுப்பு ஒரு சொட்டு தொங்கி, விழுந்து, ‘ஸ்ஸ்’ என்று நீலப் புகை எழும்பி அதே தோலில் போய் ஒட்டும். நாம் கரி வாசனை என்று சொல்வதில் பெரும்பங்கு இந்தப் புகைதான். உள்ளே 74 டிகிரி வந்தால் கோழி பாதுகாப்பானது. தொடைக்கு 80 தாண்டினால்தான் எலும்பிலிருந்து கழன்று வரும். ஊசி தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

கேஸ் கிரில்லைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வேலை நாளில் பத்து நிமிடத்தில் சூடாகிறது. பனீர், சோளம், குடமிளகாய் எல்லாம் அருமையாக வருகின்றன. ஆனால் கேஸ் எரியும்போது நீராவியும் சேர்ந்து வருவதாலோ என்னவோ, கோழித்தோல் கரியில் வரும் அளவுக்கு மொறுமொறுப்பாவதில்லை. ஒரே கோழியை இரண்டாக வெட்டி இரண்டிலும் சுட்டுப் பார்த்தேன். மசாலா நிறையப் போட்டபோது வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உப்பு மட்டும் போட்டபோது அம்மா முதல் வாயிலேயே கரித்துண்டு எது என்று சொல்லிவிட்டார். இன்னொன்று, நாலைந்து வாரம் சும்மா இருந்தால் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டிவிடுகிறது. தீ மஞ்சளாக எரிந்தால் முதலில் அங்கே பாருங்கள். டியூபையும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டே மூட்டுங்கள்.

போன ஐப்பசியில் திடீர் மழை. கங்கோடு இருந்த கிரில்லை மச்சான் மாடிப்படி அறைக்குள் இழுத்துவிட்டு, சாரல் அடிக்கிறதென்று கதவையும் சாத்தினார். கால் மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் தலைவலி, அவருக்கு வாந்தி வருவது போல இருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கங்கு அணைவது போலத் தெரிந்தாலும் அது வந்துகொண்டேதான் இருக்கும். இப்போது மழை வந்தால் மூடியைப் போட்டுத் துளைகளை அடைத்துவிட்டு, கிரில்லை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறோம். சாப்பாடு போனால் போகட்டும்.

அடிப்பகுதி துருப்பிடித்தது மட்டும் என் கவனக்குறைவு. மூன்றாம் வருடம் சாம்பலை அள்ளாமல் மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டேன். ஈரச் சாம்பல் இரும்பைத் தின்றுவிடும். காற்றுத் துளையின் தட்டு இறுகி நகரவே இல்லை. பக்கத்துப் பட்டறையில் புதிதாக வெட்டிப் போட்டார்கள். இப்போது மறுநாள் காலையிலேயே சாம்பலை அள்ளி ஒரு தகர டப்பாவில் போட்டு, ஒரு நாள் ஆறவிட்டுத்தான் குப்பைக்குக் கொடுக்கிறேன். கம்பியைச் சூடாக இருக்கும்போதே பாதி வெங்காயத்தால் தேய்த்து, துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்கிறேன். அந்தப் பழைய கம்பிதான் ஆறாவது வருடமும் ஓடுகிறது, மீன் ஒட்டுவதில்லை.