கடையை மூடிய பிறகு: நகையா, பேச்சா, மஞ்சள் நோட்டீஸா?

மதுரை விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் ஒன்பது வருடம் நடத்திய ரெடிமேட் கடையின் ஷட்டரை 2022 ஆடி முடிந்ததும் கடைசியாக இறக்கினேன். தள்ளுபடி போட்டும் பாதிச் சரக்கு அப்படியே கிடந்தது. அன்று ராத்திரி நோட்டில் எழுதிக் கூட்டினால் கடன் 17.5 லட்சம். வங்கியில் வியாபாரக் கடன் 5.6 லட்சம், அதற்கு மச்சான் ஜாமீன். ஈரோடு, திருப்பூர் மொத்த வியாபாரிகளுக்கு 4.8 லட்சம், அவர்கள் கையில் என் செக். நகைக்கடன் 3.2 லட்சம். தண்டலும் அஞ்சு வட்டியும் சேர்த்து 1.5 லட்சம். அக்காவிடம் வாங்கிய கைமாத்து 2.4 லட்சம்.

ஆளுக்கொரு வழி சொன்னார்கள். இருப்பதை விற்று அடை என்றார் மாமனார். வங்கியில் பேசிக் குறைத்துக் கட்டு என்றான் கூட்டாளி. 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டு நிம்மதியா தூங்குண்ணே' என்றார் பக்கத்துக் கடைக்காரர், அதாவது கோர்ட்டில் திவால் மனு போடச் சொன்னார். மூன்றையும் விசாரித்தேன். மொத்தத் தொகையை வைத்துப் பார்த்தவரை எதுவும் பிடிபடவில்லை. யாருக்கு என்ன கடன், யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பிரித்த பிறகுதான் வழி தெரிந்தது.

மஞ்சள் நோட்டீஸிலிருந்தே தொடங்குகிறேன். அதைப் பற்றித்தான் தப்பான பேச்சு அதிகம். தனிநபர் திவாலுக்கென 2016 திவால் சட்டத்தில் ஒரு பகுதி இருந்தாலும், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. நம்மைப் போன்ற தனிக் கடைக்காரருக்கு மதுரையில் இன்னும் 1920-ஆம் ஆண்டு மாகாண திவால் சட்டம்தான். மனுவை ஏற்றுத் திவாலானவர் என்று கோர்ட் அறிவித்தால் நம் சொத்து ரிசீவர், அதாவது கோர்ட் நியமிக்கும் பொறுப்பாளர், கைக்குப் போகும். கடன்களிலிருந்து விடுதலை உத்தரவு வருவதற்குள் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தால் அதுவும் போகும். அந்த இடைக்காலத்தில் திவால் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே குற்றம்.

'முதல்ல வீட்டை வீட்டுக்காரம்மா பேருக்கு மாத்திடு, அப்புறம் மனு போடு' என்று டீக்கடையில் யோசனை சொல்வார்கள். இதை நம்பிவிடாதீர்கள். திவால் மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்தில் சும்மா எழுதிக் கொடுத்த சொத்தை ரிசீவர் திரும்ப இழுக்கலாம். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாக அடைத்திருந்தால் அதுவும் செல்லாது.

நல்லதும் உண்டு. கைதிலிருந்து பாதுகாப்புக் கேட்டு கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில்காரரின் கருவிகள் ஆகியவற்றில் சிவில் சட்டப்படி யாரும் கை வைக்க முடியாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையும் இந்தப் பட்டியலில் உண்டு. பீரோவைத் திறந்து நகையை எடுத்து வைத்தபோது 'தாலியை மட்டும் விட்டுருங்க' என்றாள் என் மனைவி. அதைச் சட்டமே விட்டுவைத்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

ஆனாலும் எனக்கு அந்த வழி சரிப்படவில்லை, மச்சானால். கடனாளிக்கு விடுதலை கிடைத்தாலும் ஜாமீன்தாரருக்கு விடுதலை இல்லை என்று அந்தச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. நான் மனு போட்டிருந்தால் வங்கி மறுநாளே அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும். அடமானம் வைத்த வீட்டையும் நகையையும் கூட திவால் மனு காப்பாற்றாது. அடமானம் பிடித்தவரின் உரிமை அப்படியே நிற்கும். ஜாமீன் யாரும் இல்லை, சொத்தும் இல்லை, புரோநோட்டுக் கடன் மட்டும் மலைபோல் நிற்கிறது என்றால் இந்த வழி நல்ல வழி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விற்று அடைப்பதில் எதை விற்கிறோம், எந்தக் கடனுக்கு விற்கிறோம் என்பது முக்கியம். தண்டல் கணக்கைப் பாருங்கள்: 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூல். ஆண்டுக் கணக்கில் வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. அஞ்சு வட்டி ஆண்டுக்கு 60. வங்கி நகைக்கடன் பெரும்பாலும் மாதம் ஒரு ரூபாய் வட்டிக்குள் அடங்கும். அடகிலிருந்த 14 பவுனையும் மீட்டு தெற்காவணி மூல வீதியில் விற்றோம். நகைக்கடன் போகக் கையில் நின்றது சுமார் 2 லட்சம். அதில் தண்டலையும் அஞ்சு வட்டியையும் ஒரே வாரத்தில் முடித்தேன். விற்ற அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. இருந்தாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். மீட்க முடியாத நகைக்கு வருடக் கணக்கில் வட்டி கட்டுவது இன்னும் பெரிய இழப்பு. வீட்டையோ மனையையோ மட்டும் அவசரத்தில் விற்காதீர்கள். கடையை மூடியவன் என்று தெரிந்தாலே விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை உண்டு. அரசு நிர்ணயித்த வட்டியோடு பாக்கியைக் கோர்ட்டில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததாகப் பதியச் சொல்லிக் கேட்கவும் அதில் வழி உண்டு.

இனி பேசித் தீர்ப்பது. வங்கியில் நேராகப் போய் ஒரே தவணைத் தீர்வு கேட்கலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் நடக்கும் லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) கொண்டு போகலாம். கிளையில் பேசினால் காரியம் சீக்கிரம் நடக்கும், ஆனால் எழுத்து சரியாக இருக்க வேண்டும். 'முழுத் தீர்வு' என்ற வார்த்தையும் ஜாமீன்தாரர் விடுவிக்கப்படுகிறார் என்ற வரியும் கடிதத்தில் இல்லாமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். பணம் எங்கிருந்து வரும் என்று உறுதியாகாமல் தேதி சொல்லாதீர்கள். தேதி தவறினால் தள்ளுபடி போய்ப் பழைய பாக்கி முழுதாகத் திரும்பி வரும். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) என்று பதிவாகும், அடுத்த கடன் கிடைப்பது கஷ்டமாகும். கடையே இல்லாதவனுக்கு அது பெரிய விலை இல்லை என்பது என் எண்ணம். சரக்கு விற்ற காசும் வண்டி விற்ற காசும் சேர்த்து 3.5 லட்சத்தில் முடித்தேன், மச்சான் பெயரும் வெளியே வந்தது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முத்ரா கடனை அரசே கட்டிவிடும் என்பது வெறும் பேச்சு. அந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான்.

செக் கொடுத்த கடனுக்கு லோக் அதாலத்தான் மேல். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளில் நாம் கட்டவில்லை என்றால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் கிரிமினல் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம். சமரசம் ஆகக்கூடிய வழக்கு என்பதால் அதாலத்தில் கையெழுத்தானால் அங்கேயே முடிந்தது, மேல்முறையீடு கிடையாது. ஒத்துக்கொண்ட தவணையை விட்டுவிட்டால் அதே உத்தரவு நம் மேல் தீர்ப்பாக நிறைவேறும் என்பதையும் மறக்கக் கூடாது. ஈரோட்டு வியாபாரி ஒருவரோடு எனக்கு அப்படித்தான் முடிந்தது. மற்ற மூவரிடம், அவர்கள் செக்கை வங்கியில் போடுவதற்கு முன்பே நேரில் போய் நின்றேன். பிரிக்காத பண்டல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், மீதிக்குத் தவணை தந்தார்கள். போனை எடுக்காமல் இருந்திருந்தால் நான்கும் வழக்காகியிருக்கும்.

இன்னொன்று. ஷட்டரை இறக்கினால் மட்டும் கடை மூடியதாகாது. ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்து, மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்னும் போட வேண்டும். விட்டால் தாமதக் கட்டணம் தனிக் கடனாக ஏறும்.

இப்போது ஒரு ஜவுளிக்கடையில் சம்பளத்துக்கு இருக்கிறேன். மிச்சம் அக்கா கடன் மட்டும்தான். 'உன்கிட்ட யாருடா கேட்டா' என்பார். மாதம் பிறந்ததும் 4,000 ரூபாயோடு திருமங்கலம் பஸ் ஏறுகிறேன். தேதியைப் போட்டு நோட்டில் அவரையே எழுத வைக்கிறேன். இன்னும் 70,000 பாக்கி.